பயர்ஃப்ளைங்கிற விண்வெளி டிவி சீரியல் 14 எபிசோட்லயே நின்னு போச்சே, அதுக்கு ஏன் இன்னும் இவ்ளோ ரசிகர்கள்?

கதை புடிக்காம நின்ன சீரியல் இல்லங்க இது, காட்டின விதத்துலயே பாதி செத்துடுச்சு. 2002 செப்டம்பர்ல அமெரிக்காவுல ஃபாக்ஸ் சேனல்ல வெள்ளிக்கிழமை ராத்திரி போட்டாங்க, அதுவும் வரிசைய மாத்தி, கதை நடக்கிற விண்கப்பல்ல யார் யாரு எப்படி வந்து சேர்ந்தாங்கன்னு சொல்ற ரெண்டு மணி நேர முதல் எபிசோட டிசம்பர்ல கடைசியா போட்டாங்கன்னா பாத்துக்கோங்க! எடுத்தது 14, அப்போ டிவில வந்தது 11 தான்.

ஹீரோ யாருன்னா, போர்ல தோத்த படையில சார்ஜென்ட்டா இருந்த மால், ஒரு ஓட்டைக் கப்பல வச்சு கடத்தல், திருட்டுன்னு பொழப்ப ஓட்றான். விண்வெளியும் இருக்கும், குதிரையும் ரிவால்வரும் இருக்கும், கோவம் வந்தா சைனீஸ்ல திட்டுவாங்க, ஏலியன் மட்டும் கிடையாது (எனக்கு அதான் புடிச்சதே).

2003 கடைசில டிவிடி வந்து நல்லா வித்ததும் யுனிவர்சல் 2005ல 'செரினிட்டி'ன்னு படமாவே எடுத்துச்சு, தியேட்டர்ல பெருசா ஓடல, அது வேற விஷயம். ரசிகர்கள் தோத்த படையோட 'பிரவுன்கோட்ஸ்' பேரையே தங்களுக்கு வச்சுக்கிட்டாங்க, அந்தப் படத்த அங்கங்க திரையிட்டு ஈக்வாலிட்டி நவ்ங்கிற பெண்ணுரிமை அமைப்புக்கு காசு திரட்டுறாங்க. 2007ல ஸ்டீவ் ஸ்வான்சன்னு ஒரு நாசா வீரர் டிவிடிய விண்வெளி நிலையத்துக்கே எடுத்துட்டுப் போயிட்டாரு!