கப்பலில் வந்த பில், கார்டில் வளரும் கடன்

கேள்வி: நான் தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியை. டிசம்பர் விடுமுறையில் என் குடும்பமும் கொழுந்தனார் குடும்பமும், மாமியாரையும் சேர்த்து ஏழு பேர், சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு சொகுசுக் கப்பலில் பினாங்கு, புக்கெட் சென்று வந்தோம். ஏழு பேரின் போஸ்ட்பெய்டு எண்களும் என் பெயரில் உள்ள ஒரே குடும்பத் திட்டத்தில் இருக்கின்றன. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா எண்களுக்கும் சர்வதேச ரோமிங்கைத் திறந்து வைத்தேன். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்துக்கான பேக்கும் போட்டேன். கப்பலில் வைஃபையும் வாங்கினோம். ஊர் திரும்பியதும் பில் வந்தது. கொழுந்தனார் மகன் எண்ணில் கடலில் 80 எம்பி டேட்டா, எம்பிக்கு 500 ரூபாய் வீதம் 40,000. மாமியாருக்கு வந்த அழைப்புகள் 26 நிமிடம், நிமிடத்துக்கு 300 வீதம் 7,800. ஜிஎஸ்டி சேர்த்து 56,404 ரூபாய். ஆட்டோபே மூலம் அது என் கிரெடிட் கார்டில் ஏறிவிட்டது. இரண்டு மாதமாகக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறேன். மகள் கல்லூரிக்காக வைத்திருக்கும் 2 லட்ச ரூபாய் எஃப்டியைத் தொட மனமில்லை. மே மாதம் மறுபடி கப்பலில் போகலாம் என்கிறார் கொழுந்தனார். என் கார்டில் வட்டியில்லா இஎம்ஐ போடலாம், நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் வேலை செய்யும் இ-சிம் வாங்கினால் ரோமிங் தொல்லை இல்லை என்கிறார் ஏஜென்ட். கப்பலில் ரோமிங் கட்டணத்தைத் தவிர்ப்பது எப்படி? வந்த பில்லை எதிர்த்துப் பார்க்கலாமா?

பதில்: சகோதரி, ஃபிளைட் மோடு எங்கே இருக்கிறது என்று ஓர் ஆசிரியைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரோமிங் பற்றி நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் பணத்தைக் கரைப்பது ரோமிங் அல்ல. ஏழு எண்கள் உங்கள் பெயரில், அவற்றின் பில் உங்கள் கார்டில், அடுத்த பயணத்தின் தவணையும் உங்கள் கார்டில். செலவு செய்பவர் ஒருவர், கையெழுத்துப் போடுபவர் நீங்கள். இந்த வழக்கம் தொடரும்வரை, கப்பல் இல்லாவிட்டால் வேறொன்றில் இதே தொகை வந்து நிற்கும்.

முதலில் அவசரமானது. 56,400 ரூபாயில் முதல் மாதம் 5 சதவீதம், அதாவது 2,820 கட்டியிருப்பீர்கள். மீதி 53,580. பெரும்பாலான கார்டுகளில் மாத வட்டி 3.5 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. அதன்படி வட்டி சுமார் 1,875, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இன்னொரு 338. ஆக, அடுத்த மாதம் நீங்கள் கட்டிய 2,800 ரூபாயில் 2,200 வட்டிக்கும் வரிக்குமே போய்விட்டது. இரண்டு மாதத்தில் 5,600 ரூபாய் கட்டியும் கடன் இன்னும் 53,000. உண்மையில் இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். ஏனென்றால் முழுத் தொகையைக் கட்டாதபோது செலவு செய்த நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படுகிறது. இதே கார்டில் மளிகையும் பெட்ரோலும் வாங்குகிறீர்கள் என்றால், அவற்றுக்கான வட்டியில்லாக் காலமும் போய்விட்டது.

எஃப்டியை உடைக்க வேண்டாம். அதன் மீது கடன் வாங்குங்கள். அதே வங்கியில், வைப்புத் தொகைக்கு அவர்கள் தரும் வட்டியைவிட ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடுதலாக வைத்துக் கொடுப்பார்கள். எஃப்டிக்கு 7 சதவீதம் என்றால் கடனுக்கு 8. 53,000 ரூபாய்க்கு மாத வட்டி சுமார் 350. கார்டில் 2,200. ஆறு மாதத்தில் சமமாக அடைத்துவிட்டால் மொத்த வட்டியே 1,250 ரூபாயைத் தாண்டாது. மகளின் பணம் அதன் இடத்திலேயே இருக்கும், அதற்கான வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும். கார்டு நிறுவனம் இந்தத் தொகையை இஎம்ஐயாக மாற்றித் தருகிறேன் என்று அழைத்தால் மறுத்துவிடுங்கள். ஆண்டுக்கு 16 சதவீதம், ஓராண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டாலும் வட்டியும் அதன் மீதான வரியும் சேர்ந்து 5,000 முதல் 6,000 ரூபாய் ஆகும். செயலாக்கக் கட்டணம் தனி. அடுத்த பில் தேதிக்கு முன்பே வங்கிக்குப் போய்விடுங்கள்.

அந்தக் கடனை யார் அடைப்பது? நீங்கள் கேட்கத் தயங்கும் கேள்வி இதுதான் என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. மகன் பயன்படுத்திய டேட்டா 40,000, வரியோடு 47,200. அது கொழுந்தனாருடையது. மாமியாருக்கு வந்த அழைப்புகள் வரியோடு 9,200. அவர் அண்ணன் தம்பி இருவருக்கும் அம்மா, ஆளுக்கு 4,600. கொழுந்தனார் தர வேண்டியது ஏறக்குறைய 51,800 ரூபாய். மொத்தமாகக் கேட்காதீர்கள். மாதம் 8,600 வீதம் ஆறு மாதம் கேளுங்கள். நீங்கள் கேட்பதைவிட உங்கள் கணவர் தம்பியிடம் பில்லைக் காட்டிக் கேட்பது நல்லது. "கடன் எஃப்டி மேல் வாங்கியிருக்கிறோம், மகள் சேர்க்கைக்கு முன் அடைக்க வேண்டும்" என்று காரணத்தையும் தேதியையும் சொல்லட்டும். இரண்டு மாத கார்டு வட்டியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். குறைந்தபட்சத் தொகை கட்டியது உங்கள் முடிவு, பையனுடையது அல்ல. கொழுந்தனார் மனம் வருந்துவார் என்றால் வருந்தட்டும். ஆசிரியைச் சம்பளத்தில் 51,800 ரூபாயை மௌனமாக விழுங்கிவிட்டு, ஆண்டு முழுவதும் மனக்கசப்போடு பேசுவதைவிட அது மேலானது.

பிறகு அந்த எண்களை உங்கள் பெயரிலிருந்து கழற்றுங்கள். தொலைபேசி நிறுவனக் கடைக்கு இருவரும் அடையாளச் சான்றோடு போனால், எண் மாறாமல் பெயர் மாற்றம் செய்து தருவார்கள். கொழுந்தனார் வீட்டு மூன்று எண்களும் அவர்கள் பெயருக்குப் போகட்டும். மகனுடையது ப்ரீபெய்டாக இருப்பது நல்லது. ப்ரீபெய்டில் இருப்பு தீர்ந்தால் சேவை நிற்கும். போஸ்ட்பெய்டில் பில் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். இது பணத்தோடு முடிவதும் அல்ல. உங்கள் பெயரில் உள்ள சிம்மிலிருந்து யார் என்ன செய்தாலும் முதல் விசாரணை உங்களிடம்தான் வரும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் ஒருவருக்கு ஒன்பது வரைதான் அனுமதி. நீங்கள் ஏழில் நிற்கிறீர்கள்.

இனி கப்பல். பேக் போட்டும் ஏன் பில் வந்தது என்று குழம்பியிருக்கிறீர்கள். கரை விலகி வெகுதூரம் போனதும், வழக்கமாகச் சுமார் 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டருக்கு அப்பால், கப்பலே தனக்குள் ஒரு சிறிய செல்பேசி வலையமைப்பை இயக்கத் தொடங்குகிறது. தளங்களில் பொருத்தியிருக்கும் சிறு ஆன்டெனாக்கள் உங்கள் போனைப் பிடித்து, செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு இணைக்கின்றன. அந்த வலையமைப்பு சிங்கப்பூருடையதும் அல்ல, மலேசியாவுடையதும் அல்ல. நாடுகளுக்குத் தரும் குறியீட்டுக்குப் பதில் 901 என்ற பொதுக் குறியீட்டில் அது இயங்குகிறது. நீங்கள் மூன்று நாடுகளுக்குப் பேக் போட்டீர்கள். போன் எந்த நாட்டிலும் இல்லாத ஒரு டவரில் இணைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கான இ-சிம்மும் இங்கேதான் கைவிடும். பேக்கின் பட்டியலில் கப்பல் என்று தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது கரைக்கு மட்டுமே.

சிங்கப்பூர் நீரிணையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிங்கப்பூரை விட்டுக் கிளம்பிய சிறிது நேரத்தில் ஒரு பக்கம் மலேசியாவின் ஜொகூர், மறுபக்கம் இந்தோனேசியாவின் பாத்தாம். கப்பல் மேல்தளத்தில் நின்றால் பாத்தாம் டவரை போன் பிடிக்க வாய்ப்பிருக்கிறது. உங்கள் பேக்கில் இந்தோனேசியா இல்லை.

வைஃபை வாங்கியிருந்தும் பையன் எண்ணில் 80 எம்பி எப்படி ஏறியது என்பதுதான் நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டிய இடம். இன்றைய போன்களில் வைஃபை வலுவிழந்தால் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவும் வசதி இருக்கிறது. கப்பல் முழுக்க இரும்புச் சுவர். அறையிலிருந்து நடைவழிக்கு வந்தாலே வைஃபை ஒரு கணம் தளரும். அந்தக் கணத்தில் போன் கப்பல் டவருக்குத் தாவி, பாதியில் நின்ற வீடியோவைத் தொடர்ந்திருக்கும். 80 எம்பி என்பது சில நிமிட வீடியோ. பையனைத் திட்டாதீர்கள், அவன் வைஃபையில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். இ-சிம் போட்டவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. இரண்டு சிம் உள்ள போனில் ஒன்றில் சிக்னல் குறைந்தால் மற்றதற்கு டேட்டாவை மாற்றும் அமைப்பு திறந்திருந்தால், ஏஜென்ட் விற்ற இ-சிம்மைத் தாண்டி உங்கள் ஊர் எண்ணுக்குப் பில் வரும். இந்த இரண்டு வசதிகளையும் கிளம்பும் முன் அணைத்துவிடுங்கள். இன்னும் நல்லது, யாருக்கெல்லாம் ரோமிங் தேவையில்லையோ அவர்களுக்கு அதைத் திறக்காமலே விடுவது. ஏழு எண்களுக்கும் திறந்ததால், ஏழு போன்களும் நான்கு இரவும் யாரும் தவறியும் தொடாமல் இருக்க வேண்டியிருந்தது.

உங்கள் ஒரு எண்ணுக்கு மட்டும் ரோமிங் போதும், வங்கி ஓடிபி வருவதற்காக. ரோமிங்கில் வரும் குறுஞ்செய்திக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. உங்கள் திட்டத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வரும் அழைப்புக்கு உண்டு. மாமியார் பேசிய 26 நிமிடத்துக்குக் கணக்கு வந்தது அதனால்தான். ஊரிலிருந்து நலம் விசாரித்து அழைப்பவர்களுக்கு அவர் கடலில் இருப்பது தெரியாது. அழைப்பைத் திருப்பிவிடும் ஏற்பாடுகள் இருந்தால், புறப்படும் முன் ##002# என்று டயல் செய்து ரத்து செய்யுங்கள்; எடுக்காத அழைப்பும் வேறெங்கோ திரும்பிப் போய்க் கட்டணமாகலாம். மற்றவர்கள் சிம்மை அணைத்து, வைஃபை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். கப்பல் வைஃபையை ஏழு பேருக்கும் வாங்கத் தேவையில்லை. பல கப்பல்களில் ஒரு சாதனத்துக்கான திட்டத்தை ஒருவர் வெளியேறியதும் இன்னொருவர் பயன்படுத்தலாம். ராயல் கரீபியன் 2022-இல் தன் கப்பல்களுக்கு ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணைய இணைப்பை அறிவித்தது. அந்த வகை இணைப்பு இருக்கும் கப்பலில் வாட்ஸ்அப் அழைப்புக்கே வேகம் போதும். பினாங்கிலும் புக்கெட்டிலும் இறங்கும்போது உங்கள் பழைய பேக்கோ இ-சிம்மோ உதவும். கப்பலில் திரும்ப ஏறும் முன் அணைத்துவிடுங்கள்.

பில்லை எதிர்த்துப் பார்க்கலாமா என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முயற்சி செய்யுங்கள். விவரப் பில் கேளுங்கள், எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள், திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்குப் போங்கள். தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் ரோமிங்கைத் திறக்கச் சொன்னவர் நீங்கள் என்பதால், கருணையாக ஒரு பகுதியைக் குறைப்பார்கள் என்பதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். புகார் முடியட்டும் என்று கார்டு பாக்கியை மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள்.

மே மாதப் பயணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மூவரின் பங்கையும் மாமியாருக்கான பாதியையும் கையில் பணம் சேர்ந்த பிறகு கட்டுங்கள், சேராவிட்டால் அடுத்த ஆண்டு போங்கள். வட்டியில்லா இஎம்ஐ என்பதில் வட்டி விலைக்குள்ளேயே இருக்கிறது. மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு தள்ளுபடி என்று ஏஜென்டிடம் கேட்டால் அது எவ்வளவு என்று தெரிந்துவிடும். வட்டிப் பகுதிக்கான ஜிஎஸ்டியை வங்கி உங்களிடம்தான் வசூலிக்கும். கொழுந்தனார் குடும்பத்துக்கான பணத்தை அவர் தன் கார்டிலிருந்தே ஏஜென்டுக்குச் செலுத்தட்டும்.

கப்பலுக்குள்ளும் இதே வழக்கம் காத்திருக்கிறது. ஏறும்போது ஒரு கார்டைக் காட்டினால், அறைச் சாவி அட்டையிலேயே குளிர்பானம், புகைப்படம், வைஃபை, பணியாளர் சேவைக் கட்டணம் எல்லாம் ஏறிக்கொண்டே போகும். கணக்கு டாலரில் வரும். சாதாரண கார்டில் அதற்கு 3.5 சதவீத அந்நியச் செலாவணிக் கூடுதலும் அதன் மீது வரியும், மொத்தத்தில் நூறு ரூபாய்க்கு நான்கு ரூபாய்க்கு மேல். உங்கள் அறைக்கு உங்கள் கார்டு, அவர்கள் அறைக்கு அவர்கள் கார்டு என்று பதிவின்போதே சொல்லுங்கள். பிள்ளைகளின் சாவி அட்டையில் செலவு ஏறாதபடி தடுக்கவும் பெரும்பாலான கப்பல்களில் வசதி உண்டு. பதிவில் விட்டுப்போனால் விருந்தினர் சேவை மேசையில் மாற்றிக்கொடுப்பார்கள். முதல் நாள் மாலையே போய்விடுங்கள்.