குட்டிக்கு வேண்டிய ஊசியைத் தாய்க்குப் போடுங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கத்தில் ஆறு வெண்பன்றிகள் வைத்திருக்கிறேன். போன கார்த்திகையில் ஈன்ற தலையீற்றுப் பன்றியின் பத்துக் குட்டிகளில் ஐந்து, மூன்றாம் நாளே மஞ்சளாகத் தண்ணீர் போலக் கழிந்து செத்துப்போயின. பிறந்த உடனே குட்டிக்குப் போட எந்தத் தடுப்பூசி நல்லது?

பதில்: பிறந்த குட்டிக்கு ஊசி போட்டுப் பயனில்லை. தடுப்பூசி போட்ட பிறகு உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கப் பொதுவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். உங்கள் குட்டிகள் மூன்றாம் நாளே போய்விட்டன. அதனால் ஊசி தாய்க்குத்தான், அதுவும் சினையாக இருக்கும்போதே.

மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்புப் புரதம் கருப்பையிலேயே வந்து சேர்ந்துவிடும். பன்றியின் நஞ்சுக்கொடி அதை உள்ளே விடாது. ஆகவே குட்டி வெறுங்கையோடுதான் பிறக்கிறது. அதற்குக் கிடைப்பதெல்லாம் சீம்பாலில்தான். அந்தப் புரதத்தை அப்படியே ரத்தத்தில் சேர்க்கும் வழி குட்டியின் குடலில் கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும். முதல் ஆறு மணி நேரம் பொன்னானது. ஒரு நாள், ஒன்றரை நாளில் வழி அடைபட்டுவிடும். முதல் நாளில் ஒவ்வொரு குட்டியும் 200 முதல் 250 கிராம் சீம்பாலாவது குடித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வரும் பாலும் வீணல்ல. அதிலுள்ள வேறொரு வகைப் புரதம் குடலின் உட்சுவரில் பூச்சுப் போல நின்று கிருமியை ஒட்டவிடாமல் தடுக்கும். பால் நின்றால் அந்தக் காவலும் நின்றுவிடும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிக்கும் வயதுக்கும் முதல் சந்தேகம் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா மேல்தான். கழிச்சலில் ரத்தம் கலந்திருந்தால் கிளாஸ்ட்ரிடியம் என்ற இன்னொரு பாக்டீரியா. இந்த இரண்டுக்கும் தாய்க்குப் போடும் தடுப்பூசிகள் உண்டு. தலையீற்றுப் பன்றிக்கு இரண்டு தவணை: ஈனுவதற்கு ஐந்தாறு வாரம் முன்பு ஒன்று, இரண்டு மூன்று வாரம் முன்பு இன்னொன்று. அடுத்தடுத்த ஈற்றுகளுக்குக் கடைசித் தவணை மட்டும் போதும். சினைக்காலம் 114 நாள். ஆகஸ்ட் 1 அன்று இணை சேர்த்தால் நவம்பர் 23 வாக்கில் ஈனும். அக்டோபர் நடுவில் ஒன்று, நவம்பர் முதல் வாரத்தில் ஒன்று என்று காலண்டரில் குறித்துவிடுங்கள். மருந்துக்கு மருந்து நாள் கொஞ்சம் மாறும், பெட்டியில் உள்ளபடி போடுங்கள். மருந்து வேண்டும் என்று கால்நடை மருத்துவரிடம் ஒரு மாதம் முன்பே சொல்லி வையுங்கள்.

செத்தவை தலையீற்றுப் பன்றியின் குட்டிகள் என்பதையும் கவனியுங்கள். பழைய தாய் உங்கள் கொட்டிலின் கிருமிகளோடு பழகி, அவற்றுக்கான எதிர்ப்பைச் சீம்பாலில் வைத்திருக்கும். இளம்பன்றிக்கு அந்த அனுபவம் குறைவு. அதைச் சந்தையிலிருந்து வாங்கியிருந்தால் இன்னும் மோசம். ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பாவது உங்கள் கொட்டிலில் இருக்க வேண்டும்.

சரி, ஊசி போட்டாயிற்று. குட்டி குடிக்கவில்லை என்றால்? ஊசிக்குச் செலவழித்துவிட்டுப் பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஈனும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். முதலில் பிறந்த கொழுத்த நான்கைந்து குட்டிகள் வயிறு நிறையக் குடித்ததும், அவற்றை வைக்கோல் போட்ட பெட்டியில் ஒரு மணி நேரம் விட்டு, சோனிக் குட்டிகளை மடியில் சேருங்கள். வேறு தாயிடம் மாற்றுவதாக இருந்தால், சொந்தத் தாயின் சீம்பாலைக் குடித்த பிறகு மாற்றுங்கள்.

அப்புறம் குளிர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவில் தரை காய்வதே இல்லை. ஈரத்தில் நடுங்கும் குட்டி மடியைத் தேடிப் போகாது. குட்டி படுக்கும் மூலையில் 32 முதல் 34 டிகிரி வெப்பம் வேண்டும். சூட்டுக்காக எல்.இ.டி. பல்பைத் தொங்கவிட்டிருப்பதைப் பல கொட்டில்களில் பார்த்திருக்கிறேன். அது வெளிச்சம்தான் தரும். பழைய குண்டு பல்போ அகச்சிவப்பு விளக்கோ போடுங்கள். கரண்ட் போனால் கைகொடுக்க நம்மூரில் வைக்கோலுக்கா பஞ்சம்! ஈனும் அறையை முன்கூட்டியே கழுவிக் காயவிடுங்கள், தாயின் மடியையும் கழுவிவிடுங்கள்.

ஒரு வாரம் கழித்துப் பசை போன்ற மஞ்சள் கழிச்சல் வந்தால் அது பெரும்பாலும் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி. அதற்கு இந்த ஊசி கேட்காது, மருந்து தனி. பன்றிக் காய்ச்சல் (பன்றிகளுக்கு வரும் கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர்) தடுப்பூசியையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது குட்டிக்கே போடுவது, பொதுவாக இரண்டு மாத வாக்கில். ரொம்ப முன்னால் போட்டால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பே ஊசி மருந்தை முறித்துவிடும்.

மறுபடி குட்டி செத்தால் புதைத்துவிடாதீர்கள். அன்றே ஐஸ் பெட்டியில் வைத்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். என்ன கிருமி என்று தெரிந்தால்தான் எந்த ஊசி என்று முடிவு செய்ய முடியும். கழியும் குட்டிகளைக் கொல்வது பெரும்பாலும் உடம்பின் நீர் வற்றுவதுதான். மருத்துவர் வரும்வரை எலக்ட்ரோலைட் (தாது உப்பு) கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிக்கொண்டே இருங்கள்.