ரத்தம் இளக்கும் மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும்: கேள்வி பதில்

நான் மருந்தாளுநர். ரத்தம் இளக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களின் ஐஎன்ஆர் நோட்டுகளைத் தினமும் பார்க்கிறேன். ஐஎன்ஆர் என்பது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண், ஏறினால் ரத்தக்கசிவு பயம். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சார், அப்பாவுக்கு வார்ஃபரினில் ஐஎன்ஆர் 2.5 பக்கமே நின்றது. மூன்று வாரம் முன் ரோசுவாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை சேர்த்தார்கள். இப்போது 3.8. ஏன்?

முதல் சந்தேகம் புது மாத்திரை மேல்தான். ரோசுவாஸ்டாட்டின் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டக்கூடியது. ஃப்ளூவாஸ்டாட்டினும் அப்படித்தான், கல்லீரலில் வார்ஃபரினைச் சிதைக்கும் நொதியையே அது தடுக்கிறது. சிம்வாஸ்டாட்டின் கொஞ்சம் ஏற்றும். அட்டோர்வாஸ்டாட்டினும் பிரவாஸ்டாட்டினும் அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை.

இன்றைக்கே டாக்டரிடம் 3.8 என்று சொல்லுங்கள். வார்ஃபரின் அளவைக் குறைப்பார், அல்லது கொழுப்பு மாத்திரையை மாற்றுவார். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பல் துலக்கித் துப்பும்போது ரத்தம், இடித்துக்கொண்ட நினைவே இல்லாமல் தொடையில் நீலம், தார் போல் கருத்த மலம், விழுந்து தலையில் அடி, இதில் எது என்றாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று. ஐஎன்ஆர் நோட்டில், புது மாத்திரை தொடங்கிய தேதியையும் எழுதுங்கள். நான் பார்க்கும் பல நோட்டுகளில் எண் மட்டும்தான் இருக்கும், காரணம் இருக்காது.

கால் வலிக்கிறது என்று ஸ்டாட்டினை நானே நிறுத்திவிட்டேன். வார்ஃபரின் தொடர்கிறேன். சரியா அண்ணா?

சரியில்லை. ஸ்டாட்டின், அதாவது மேலே சொன்ன வகைக் கொழுப்பு மாத்திரை, போனதும் ஐஎன்ஆர் இறங்கலாம். அப்போது பயம் ரத்தக்கட்டி. தொடங்கினாலும், அளவு மாறினாலும், நிறுத்தினாலும் ஒரு வாரத்துக்குள் ஐஎன்ஆர் பாருங்கள். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் தசை சிதைவதாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்புக்கு ஃபெனோஃபைப்ரேட் தந்திருக்கிறார்கள். அதுவும் இப்படியா?

ஆமாம், பல ஸ்டாட்டின்களைவிட அதிகமாகவே ஐஎன்ஆரை ஏற்றும். எழுதிய டாக்டருக்கு நீங்கள் வார்ஃபரின் எடுப்பது தெரியுமா என்று முதலில் கேளுங்கள். கொலஸ்டைரமின் என்ற இன்னொரு கொழுப்பு மருந்து நேர்மாறு, குடலிலேயே வார்ஃபரினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வார்ஃபரின் போட்டு ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் அதைச் சாப்பிட வேண்டும்.

நான் சாப்பிடுவது க்ளோபிடோக்ரெல். ஐஎன்ஆர் பார்க்கணுமா?

வேண்டாம். அது ரத்தத்தின் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பது, வேறு வகை. அதே வகையான டிகாக்ரெலார் எடுப்பவர்கள் மட்டும் சிம்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

ஸ்டாட்டினுக்குப் பதில் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை எடுக்கலாமா? இயற்கைதானே?

அதிலுள்ள மொனகோலின் கே, லோவாஸ்டாட்டினேதான். டப்பாவுக்கு டப்பா அளவும் மாறும். வார்ஃபரின் எடுப்பவர் இதைத் தொடவே வேண்டாம்.