பெயிண்டை உரித்தால் பேஸ் கித்தார் இளைக்குமா?

கோலாலம்பூர், செந்தூல் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என் நாலு கம்பி பேஸ் கித்தார் 5 கிலோவைத் தொடுகிறது. ஆஷ் மரம், தடித்த கறுப்பு பெயிண்ட். கல்யாண விருந்துகளில் நின்று வாசித்து முடிப்பதற்குள் தோள் கழன்றுவிடுகிறது. பெயிண்டை உரித்து எண்ணெய் பூசினால் எடை குறையுமா?"

குறையும், ஆனால் உங்கள் தோளுக்குத் தெரிகிற அளவுக்கு இல்லை. தடித்த பாலியெஸ்டர் பூச்சை முழுக்க எடுத்தாலும் 100, 200 கிராம்தான் தேறும். எடையெல்லாம் மரத்தில் இருக்கிறது.

முதலில் டியூனர்களை, அதாவது கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகாணிகளைப் பாருங்கள். பழைய பாணிப் பெரிய டியூனர் ஒன்றே 100 கிராமை நெருங்கும். இலகு ரகம் ஏறத்தாழ 60. நான்கையும் மாற்றினால் பெயிண்டை உரித்த பலன் கிடைத்துவிடும், அதுவும் சரியான இடத்தில். பேஸின் கழுத்து நீளம். உடலை மட்டும் இளைக்க வைத்தால் டியூனர்கள் இருக்கும் தலைப்பக்கம் கீழே சாயும், அதை இடது கையால் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டி வரும். அது எடையைவிடப் பெரிய தொல்லை. அதனால்தான் பாலத்தை (உடலில் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பாகம்) அலுமினியத்துக்கு மாற்றும் யோசனையை நான் கடைசியில் வைப்பேன். டியூனர் வாங்கும் முன் துளையின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள்.

அப்புறமும் போதவில்லை என்றால் பிக்கார்டுக்கு (உடலின் முன்பக்கம் மூடியிருக்கும் தகடு) அடியில் மரத்தைக் குடையலாம். 10 செ.மீ.க்கு 10 செ.மீ., 2 செ.மீ. ஆழம் என்றால் 200 கன செ.மீ.; ஆஷ் மரத்தில் சுமார் 130 கிராம். கழுத்துத் திருகுகள் பக்கமும் பாலத்தின் பக்கமும் போகாதீர்கள். மரம் குடையும் ரூட்டர் கருவி பழக்கம் இல்லையென்றால் தச்சரிடம் கொடுங்கள்.

சரி, மரத்தின் ரேகை தெரிய வேண்டும் என்ற ஆசைக்காக உரிப்பதானால் தாராளமாக உரியுங்கள். பெயிண்ட் நீக்கித் திரவம் பாலியெஸ்டரிடம் பெரும்பாலும் தோற்றுவிடும். பாகங்களையெல்லாம் கழற்றிவிட்டு, வெப்பத் துப்பாக்கியை ஓர் இடத்தில் நிறுத்தாமல் நகர்த்தி, இளகியதும் சுரண்டுங்கள். அடுக்குமாடி வீட்டுக்குள் வேண்டாம், புகை பொல்லாதது. பிறகு 120, 180, 240 என்று உப்புத்தாள், முகமூடியோடு. கழுத்து உட்காரும் குழியைத் தேய்க்கவே கூடாது. அங்கே இடைவெளி விழுந்தால் கழுத்து ஆடும்.

நம் ஊர் ஈரத்தில் லாக்கர் ஸ்பிரே வெளுத்துப் போக வாய்ப்புண்டு, குறிப்பாக மழை மாலைகளில். மரத்துக்குப் பூசும் டங் எண்ணெய் அவ்வளவு படுத்தாது. மெல்லிய பூச்சாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், 10 செ.மீ. அகலத் தோல் வார் ஒன்று வாங்கி ஒரு விருந்தில் மாட்டிப் பாருங்கள்.