பட்டம் இல்லாமல் அமெரிக்க ரயில்வேயில் வேலை கிடைக்குமா?

கேள்வி: அமெரிக்காவில் கிரீன் கார்டுடன் வசிக்கிறோம். மகன் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டான். கல்லூரி வேண்டாம், ரயில்வேயில் சேர்கிறேன் என்று பிடிவாதமாக இருக்கிறான். பட்டம் இல்லாதவனுக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும்?

பதில்: தாராளமாகக் கிடைக்கும். யூனியன் பசிபிக், பிஎன்எஸ்எஃப், சிஎஸ்எக்ஸ் போன்ற பெரிய சரக்கு ரயில் நிறுவனங்கள் கண்டக்டர் வேலைக்குப் பட்டம் கேட்பதில்லை. 18 வயதும் பள்ளிச் சான்றிதழும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பயிற்சியை நிறுவனமே சம்பளத்துடன் தருகிறது. ரயில் ஓட்டுநர்களும் பெரும்பாலும் கண்டக்டராகச் சேர்ந்து மேலே வந்தவர்கள்தான். நீங்களும் மகனும் உட்கார்ந்து பேச வேண்டியது வேலை நேரத்தைப் பற்றி.

புதிய கண்டக்டரைப் பெரும்பாலும் ‘எக்ஸ்ட்ரா போர்டு’ என்ற மாற்று ஆள் பட்டியலில் போடுவார்கள். நள்ளிரவில் போன் வரும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் யார்டில், அதாவது ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் நிலையத்தில், நிற்க வேண்டும். தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அடுத்த பணிக்கு முன் 10 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்பது சட்டம். அந்த ஓய்வு பல நாள் வேற்றூர் விடுதியில் கழியும். நல்ல ஷிப்ட், விடுமுறை எல்லாம் பணிமூப்புப்படிதான். சரக்கு குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவரும் கடைசியாகச் சேர்ந்தவரே.

சரக்கு ரயில் கண்டக்டருக்கு டிக்கெட் வேலை கிடையாது. ஒரு மைலுக்கும் நீளமான ரயில் நடுவழியில் பிரேக் பிடித்து நின்றுவிட்டால், விளக்கோடு இறங்கி, சரளைக்கல்லில் பெட்டி பெட்டியாக நடந்து கோளாறைத் தேடுவது அவர் பொறுப்பு. பிரேக்கை இயக்கும் காற்றுக் குழாய் கழன்றிருந்தால் மாட்டிவிடலாம். பெட்டிகளை இணைக்கும் ‘நக்கிள்’ உடைந்திருந்தால், சுமார் 80 பவுண்டு எடையுள்ள இரும்பைத் தூக்கி மாற்ற வேண்டும், கொட்டும் பனியிலும். இதை மகனிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இது ஒத்துவராது என்றால் ரயில்வேயையே கைவிட வேண்டியதில்லை. கைவேலையில் ஆர்வமுள்ள பையனுக்குச் சிக்னல் பராமரிப்பைத்தான் நான் முதலில் சொல்வேன். லெவல் கிராசிங் கேட், சிக்னல் விளக்கு, தண்டவாளத்தின் மின்சுற்று ஆகியவற்றைச் சோதித்துப் பழுதுபார்க்கும் வேலை அது. மின்னணுவியலில் சமுதாயக் கல்லூரிச் சான்றிதழ் இருந்தால் கூடுதல் பலம். ஆரம்பத்தில் ஊர் ஊராக அலைய நேரலாம். பிறகு ஒரு குறிப்பிட்ட பகுதி அவர் பொறுப்பில் வந்துவிடும். பழுது என்றால் இரவிலும் கூப்பிடுவார்கள், ஆனால் வீடு பக்கத்தில் இருக்கும். பெட்டிகளைப் பழுதுபார்க்கும் வேலையும் ஒரே யார்டில் ஷிப்ட் முறையில் நடப்பதுதான்.

விண்ணப்பிக்கும் முன் கண் மருத்துவரிடம் நிறப்பார்வையைச் சோதித்துக்கொள்ளட்டும். சிக்னல் நிறங்களைப் பிரித்தறிய முடியாவிட்டால் ரயிலில் வேலை இல்லை. கஞ்சாவை மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் ரயில்வே அனுமதிக்காது. சோதனையில் தெரிந்தால் வேலை போய்விடும்.

ரயில்வே ஊழியர்களுக்கென்றே தனி ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. 30 ஆண்டுப் பணியை முடித்தவர் 60 வயதிலேயே முழு ஓய்வூதியம் பெறலாம். இளம் வயதில் சேர்பவனுக்கு இது பெரிய வரம்.

வேலை அறிவிப்புகள் நிறுவனங்களின் இணையதளங்களிலேயே வருகின்றன. பணியிடம் எந்த ஊர் என்பதும் அதில் இருக்கும். வீட்டிலிருந்து அந்த யார்டுக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று பார்த்துவிட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.