வங்கி கேட்டால் அடையாள அட்டை எண்ணைக் கொடுக்கலாமா? சுங்கை சிப்புட் மக்களின் கேள்விகளும் என் பதில்களும்

நான் 31 ஆண்டுகள் வங்கி முகப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பால்மரம் சீவிய தாய்க்குத் தோட்ட லயத்தில் பிறந்தவள். ஓய்வுக்குப் பிறகும், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில், சந்தையிலும் கோயில் வாசலிலும் கல்யாணப் பந்தியிலும் என்னை நிறுத்தி எல்லோரும் ஐசி எண்ணைப் பற்றித்தான், அதாவது அடையாள அட்டை எண்ணைப் பற்றித்தான் கேட்கிறார்கள். விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லி வங்கியிலிருந்து கடிதம் வருகிறது. அதே பேச்சைப் பேசி மோசடிக்காரனும் அழைக்கிறான். எது எதுவென்று தெரியாமல் மக்கள் தவிக்கிறார்கள். அடிக்கடி வந்த கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் தம்பி: அக்கா, ஐசி, தொலைபேசி எண், வேலை விவரம் எல்லாவற்றையும் புதுப்பிக்கும்படி வங்கிக் கடிதம் வந்திருக்கிறது. கணக்குத் திறந்தபோதே கொடுத்தேனே. மறுபடியும் கொடுக்கத்தான் வேண்டுமா?

கொடுக்கத்தான் வேண்டும், தம்பி. 2001ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தின்படி, வாடிக்கையாளர் யாரென்று ஆவணம் பார்த்து உறுதி செய்வது வங்கியின் கடமை. கணக்குத் திறக்கும் நாளோடு அந்தக் கடமை முடிந்துவிடாது. வேலை மாறியிருக்கும், வீடு மாறியிருக்கும். அதனால்தான் இடையிடையே கேட்கிறார்கள். பதில் சொல்லாமலே இருந்தால் கணக்கின் பயன்பாட்டை வங்கி நிறுத்தி வைக்கக்கூடும். சம்பள நாளில் அது தெரிய வந்தால் பெரிய தலைவலி.

ஆனால் அந்தக் கடிதத்திலோ குறுஞ்செய்தியிலோ உள்ள இணைப்பை அழுத்திவிடாதீர்கள். அதில் கொடுத்திருக்கும் தொலைபேசி எண்ணையும் அழைக்காதீர்கள். அட்டையை எடுத்துக்கொண்டு நேராகக் கிளைக்குப் போங்கள். கடிதம் உண்மையானதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

லயத்து வீட்டுப் பாட்டி ஒருவர்: ஐசி நம்பர் தெரிந்தாலே பணத்தை எடுத்துவிடுவார்கள் என்று பேரன் பயமுறுத்துகிறான். நிஜமா, அம்மா?

நிஜமில்லை, அம்மா. அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எவராலும் உங்கள் கணக்கிலிருந்து ஒரு காசு எடுக்க முடியாது.

அந்த 12 இலக்கத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், தேதி. அடுத்த இரண்டு, பிறந்த மாநிலம். பேராக்கில் பிறந்த பலருக்கு 08 என்று இருக்கும். கடைசி இலக்கம் ஒற்றைப்படையாக இருந்தால் ஆண், இரட்டைப்படையாக இருந்தால் பெண். உங்கள் பிறந்தநாளும் ஊரும் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாதி எண் இப்போதே தெரியும். கிளினிக்கில் சொல்லியிருக்கிறீர்கள், பிள்ளைகளின் பள்ளிப் பாரத்தில் எழுதியிருக்கிறீர்கள், தோட்ட ஆபீஸ் கிராணியிடம் இருக்கிறது, சேமநிதியில் இருக்கிறது, தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவில் இருக்கிறது. இத்தனை இடத்தில் இருப்பது எப்படி ரகசியமாக இருக்க முடியும்? அது உங்களுடைய இன்னொரு பெயர், அவ்வளவுதான்.

பணம் அனுப்பும் டூயிட்நவ் வசதியில் ஐசி எண்ணைக் கணக்கோடு இணைத்து வைத்தால், அந்த எண்ணுக்கே மற்றவர் பணம் அனுப்பலாம். அனுப்ப மட்டுமே முடியும், எடுக்க முடியாது. எடுப்பதற்கு உங்கள் ஏடிஎம் ரகசிய எண் வேண்டும், இணைய வங்கிக் கடவுச்சொல் வேண்டும், ஒவ்வொரு முறையும் கைப்பேசிக்கு வரும் டிஏசி எண் வேண்டும் அல்லது கைப்பேசிச் செயலியில் நீங்கள் தரும் ஒப்புதல் வேண்டும். பாதுகாக்க வேண்டியவை இவைதான். இவற்றை வங்கி ஊழியரே கேட்டாலும் சொல்லக் கூடாது. 31 ஆண்டுகளில் ஒரு வாடிக்கையாளரிடமும் நான் கேட்டதில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

சந்தையில் காய்கறி விற்கும் தங்கை: புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒருவர் கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி, ஐசியின் முன்பக்கம், பின்பக்கம், பிறகு ஐசியை முகத்தருகே பிடித்து ஒரு படம் கேட்கிறார். எண் ரகசியமில்லை என்கிறீர்களே, அனுப்பலாமா?

அனுப்பவே அனுப்பாதே, தங்கை. எண் வேறு, படம் வேறு. முகத்தருகே பிடித்த படம் என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

கிளைக்குப் போகாமலே கைப்பேசியில் கணக்குத் திறக்கும் முறைக்கு 2020இல் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா விதிமுறை வகுத்தது. அதில் என்ன நடக்கிறது? அட்டையைப் படம் பிடிக்கச் சொல்வார்கள், பிறகு உன் முகத்தைக் காட்டச் சொல்வார்கள், கண் சிமிட்டச் சொல்வார்கள், தலையைத் திருப்பச் சொல்வார்கள். அட்டையில் இருப்பவளும் எதிரில் இருப்பவளும் ஒருத்திதான் என்று அப்படித்தான் உறுதி செய்கிறார்கள். அந்த 'ஏஜெண்டு' உன்னிடம் கேட்பதும் அதே பொருள்கள்தான். உன் பெயரில் கணக்குத் திறக்கவோ, மின்பணப்பை தொடங்கவோ, கடன் விண்ணப்பம் போடவோ முயல்வதற்கு அவனுக்கு அவை தேவைப்படுகின்றன.

என் முகப்புக்கு ஒரு பெண் வந்தார். கையில் காவல் துறையிடமிருந்து வந்த அழைப்புக் கடிதம்; பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் பெயரில் ஒரு கணக்கு இருந்தது. அதில் யார் யாரோ ஏமாந்து போட்ட பணம் வந்து போயிருந்தது. அவர் செய்ததெல்லாம், 2,000 ரிங்கிட் கடனுக்காகப் படங்களையும் பிறகு வந்த ஆறு இலக்க எண்ணையும் அனுப்பியதுதான். கடனும் கிடைக்கவில்லை. இதற்குத்தான் 'கழுதைக் கணக்கு' என்று பெயர். மலாயில் அக்காவுன் கெல்டாய் என்பார்கள். பிறர் உபயோகிக்கத் தன் கணக்கைக் கொடுப்பது 2024ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றமாகவே இருக்கிறது. 'தெரியாமல் கொடுத்துவிட்டேன்' என்பதை நாம்தான் எடுத்துச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கும்.

அதே தங்கை: முன்பக்கம், பின்பக்கம் மட்டும் நேற்றே அனுப்பிவிட்டேன் அக்கா. இப்போது என்ன செய்வது?

அழாதே. முதலில் அந்த ஆளோடு பேச்சை நிறுத்து. ஆனால் செய்திகளை அழிக்காதே, அவைதான் சாட்சி. பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் உன் வங்கியின் அவசர எண்ணையோ 997ஐயோ அழை. 997 தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். 2022 முதல் இயங்குகிறது. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் சொன்னால்தான் வழியில் மறிக்க முடியும். பணம் போகவில்லை என்றாலும் காவல் நிலையத்தில் புகார் செய்து, நகலைப் பத்திரப்படுத்து. நாளைக்கு உன் பெயரில் ஏதாவது முளைத்தால், 'இன்ன தேதியிலேயே சொல்லிவிட்டேன்' என்று காட்ட அந்தத் தாள் வேண்டும். இரண்டு மூன்று மாதம் கழித்து பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் அறிக்கையை எடுத்துப் பார். உன் பெயரில் எந்த வங்கியிலாவது கடன் இருந்தால் அதில் தெரியும். கட்டணம் எதுவும் இல்லை.

மோட்டார் கடை வைத்திருப்பவர்: தவணைக்கு ஐசி நகல் கேட்கிறார்கள். நகல் கொடுப்பது ஆபத்தா?

வெறும் நகலாகக் கொடுத்தால் ஆபத்து. நகலின் குறுக்கே சாய்வாக இரண்டு கோடு இழுத்து, அவற்றின் நடுவே 'இன்ன வங்கியில் இன்ன காரியத்திற்கு மட்டும்' என்று எழுதித் தேதி போடுங்கள். மலாயிலேயே எழுதுங்கள், 'உந்துக் கெகுனாஆன்' என்று தொடங்கி 'சஹாஜா' என்று முடியும்படி. கோடு அட்டைப் படத்தின் மேல் ஏற வேண்டும்; பக்கத்தில் வெற்றிடத்தில் எழுதினால் கத்தரித்து எறிந்துவிடுவார்கள். முகமும் எண்ணும் படிக்கும்படி இருக்கட்டும், இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அவரே: குடியிருப்புக் காவலாளி ஐசியை வாங்கி வைத்துக்கொள்கிறாரே?

வைத்துக்கொள்ள அவருக்கு அதிகாரம் இல்லை. காட்டுங்கள், எழுதிக்கொள்ளட்டும், அட்டை உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

படிவம் ஆறு மாணவி: எதற்கெடுத்தாலும் ஐசி கேட்கும் பழக்கம் எப்படி வந்தது? என் கொள்ளுப் பாட்டி இன்றும் ஐசியைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குகிறார்.

அந்தத் தலையணைக்குக் காரணம் நம் ஊர்தான், அம்மா. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளையும் ஊர் மக்களையும் பிரித்தறிய, அதே ஆண்டில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கெல்லாம் அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். அட்டை இல்லாமல் வெளியே போனால் என்ன ஆகும் என்ற பயத்தில் வளர்ந்தவர் உன் கொள்ளுப் பாட்டி. இன்றைய 12 இலக்க எண் 1990இல் வந்தது, சில்லு பதித்த மைகாட் அடையாள அட்டை 2001இல் வந்தது. பாட்டியிடம் அந்தக் காலத்துக் கதையைக் கேட்டு எழுதி வை.

ஓய்வு பெற்ற பால்மரத் தொழிலாளி அம்மா: வங்கியில் கருவியின் மேல் கட்டைவிரலை வைத்தால் சிவப்பு விளக்குதான் எரிகிறது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவமானமாக இருக்கிறது.

இதற்கு நீங்கள் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. நாற்பது வருடம் உளி பிடித்து, காண்டா வாளி தூக்கி, ஒட்டுப்பால் உருவி, பால் உறையவைக்கும் அமிலத்தில் நனைந்த விரல்கள் அவை. என் அம்மாவின் கட்டைவிரலில் ரேகையே தெரியாது. தடவினால் கண்ணாடி போல வழவழவென்று இருக்கும். கருவிக்கு அது புரியாது.

மைகாட் சில்லில் இரண்டு கட்டைவிரல் ரேகையும் பதிவாகியிருக்கிறது. வலது படியவில்லை என்றால் இடதை வைத்துப் பாருங்கள். உளி பிடித்த கையைவிட மற்றக் கையில் தேய்மானம் குறைவாக இருக்கும். விரல் காய்ந்திருந்தாலும் படியாது. நான் மேசை இழுப்பறையில் ஓர் ஈரத் துணி வைத்திருப்பேன். விரலைத் துடைத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே வைக்கச் சொல்வேன். பாதிப் பேருக்கு அதிலேயே பச்சை விளக்கு எரியும். எதுவும் படியவில்லை என்றால், முகத்தையும் கையெழுத்தையும் பார்த்து, கேள்விகள் கேட்டு, அதிகாரியே சரிபார்க்கும்படி கேளுங்கள். 'ரேகை இல்லை, போய் வாருங்கள்' என்று அனுப்பிவிட்டால் நகராதீர்கள், மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். உங்கள் பணம் அது.

சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவரின் மகன்: அம்மாவின் எண்ணைக் கொடுத்தால் அரசாங்க உதவிப் பணம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பொய். எஸ்டிஆர் என்ற அரசாங்க ரொக்க உதவி குடிமக்களுக்கு மட்டுமே. நிரந்தரவாசியாக இருக்கும் அம்மாவால் வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ள முடியும், ஆனால் அந்தப் பணம் வராது. எண்ணைக் கொடுக்காதீர்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால் தேசியப் பதிவுத் துறைக்கு நீங்களே கூட்டிப் போங்கள், இடையில் ஆள் வேண்டாம்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: வட்டிக்காரரிடம் ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் ஐசியும் இருக்கின்றன. சம்பளம் வந்ததும் அவரே எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறார்.

நம் தோட்டங்களில் ஊறிப்போன நோய் இது. எத்தனை குடும்பத்தைப் பார்த்துவிட்டேன்! உரிமம் பெற்றவரோ பெறாதவரோ, கடன் கொடுத்தவர் உங்கள் அட்டைகளைப் பிடித்து வைக்கக் கூடாது. கடனை அடைப்பது ஒன்று, சம்பளத்தின் கழுத்தை அவர் கையில் கொடுப்பது வேறொன்று. அந்தக் கணக்கில் நாளை வேறொருவரின் மோசடிப் பணம் வந்து இறங்கினால் பிடிபடுவது நீங்கள். இன்றே கிளைக்குப் போய் ஏடிஎம் அட்டையை ரத்து செய்யுங்கள். ஐசியைத் தர மறுத்தால் காவல் துறையில் புகார் செய்யுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன். கடனைத் தவணையாக அடைக்கும் வழியைப் பிறகு உட்கார்ந்து பேசலாம்.

ஈப்போவில் வேலை செய்யும் மகள்: காலமான அப்பாவின் இரும்புப் பெட்டியில் 1980களின் சேமிப்புப் புத்தகம் கிடைத்தது. அதில் உள்ள ஐசி எண் 12 இலக்கம் இல்லை. பணம் போனதுதானா?

போகவில்லை. அது பழைய ஐசி எண். அந்த எண்ணில் திறந்த கணக்குகள் பல, புதிய எண்ணோடு சேராமலே தூங்குகின்றன. தோட்டம் மூடி, ஆட்கள் பட்டணத்துக்குப் போன காலத்தில் மறந்தே போனவை அவை.

ஏழு ஆண்டுகள் சொந்தக்காரர் தொடாத கணக்கின் பணத்தை, 1965ஆம் ஆண்டின் உரிமை கோரப்படாத பணச் சட்டத்தின்கீழ் வங்கி அரசாங்கப் பதிவாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அங்கே போனாலும் அது உங்கள் அப்பாவின் பணம்தான். வாரிசுகள் கேட்டுப் பெறலாம். இகுமிஸ் (eGUMIS) என்ற அரசாங்கத் தளத்தில் தேடிப் பார்க்கலாம். தேடவும் கோரவும் கட்டணம் இல்லை. 'எடுத்துத் தருகிறேன், இத்தனை விழுக்காடு கொடு' என்று வருபவரிடம் அப்பாவின் எண்ணையும் உங்கள் எண்ணையும் கொடுக்காதீர்கள்.

முதலில் அந்த வங்கியின் கிளைக்கே போங்கள். கிளை மூடியிருந்தாலும், வங்கி வேறு வங்கியோடு இணைந்திருந்தாலும், கணக்கு புதிய வங்கிக்கு மாறியிருக்கும். பழைய எண், புதிய எண் இரண்டிலும் தேடச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் தேடிவிட்டு 'இல்லை' என்பது அடிக்கடி நடக்கும். கையில் சேமிப்புப் புத்தகம், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், உங்கள் பிறப்புப் பத்திரம், உங்கள் மைகாட் இருக்கட்டும். பழைய ஐசியின் நகல் கிடைத்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் அப்பா வைத்த கையெழுத்தோ கைநாட்டோ இருந்தால், அந்தப் பக்கம் கிழியாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோங்கள். சம்பள நாளில் போக வேண்டாம், அன்று முகப்பில் உங்களுக்கு நேரம் ஒதுக்க எவராலும் முடியாது.