உணவுக்கு முன் ஒரு கசப்புப் பானம்

கேள்வி: இத்தாலியின் டூரின் நகரில் படிக்கும் என் மகள், அங்கே இரவு உணவுக்கு முன் பலரும் கசப்பான பானம் ஒன்றை அருந்துவதாகவும், அது பசியைத் தூண்டும் என்று அவர்கள் நம்புவதாகவும் சொல்கிறாள். இதில் உண்மை உண்டா? மது அருந்தாத அவள் அந்த வழக்கத்தில் சேர்ந்துகொள்ள முடியுமா?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மகள் இந்த வழக்கத்தின் தாயகத்திலேயே இருக்கிறார். 1786ஆம் ஆண்டில் டூரினில்தான் அந்தோனியோ பெனதெத்தோ கர்ப்பானோ என்பவர் வெள்ளைத் திராட்சை மதுவில் மூலிகைகளையும் நறுமணப் பொருள்களையும் ஊறவைத்து வெர்மூத் தயாரித்து விற்கத் தொடங்கினார். அதன் கசப்புக்கு முதன்மையான காரணம், நம் மரிக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடி. பின்னர் 1846இல் பாரிஸில் சின்கோனாப் பட்டை சேர்ந்த துபோனேயும், 1860இல் நொவாரா நகரில் செந்நிறக் கம்பாரியும் என மேலும் இரண்டு கசப்பு மதுபானங்கள் வந்தன. பசிக்கு மருந்தாகக் கருதப்பட்ட கசப்பு மூலிகைகள் இவ்வாறு மாலைநேர விருந்தோம்பலுக்குள் நுழைந்தன.

நம்பிக்கைக்கு அடிப்படை இருக்கிறது. உணவின் சுவையும் மணமும் எட்டியவுடனேயே, அது வயிற்றைச் சென்றடையும் முன்பே, மூளை வேகஸ் நரம்பின் வழியே உமிழ்நீரையும் இரைப்பை நீரையும் சுரக்கச் செய்கிறது; கசப்பை உணரும் ஏற்பிகள் நாக்கில் மட்டுமன்றி இரைப்பையிலும் உள்ளன. ஆயினும், ஒரு சிறு கோப்பையை ஆலிவ் காய்களுடன் மெதுவாகப் பருகி, உரையாடியபடி உணவுக்காகக் காத்திருக்கும் அந்த நிதானத்துக்கும் பசியில் பெரும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். பானத்தோடு தட்டுத் தட்டாக நொறுக்குத்தீனி வரும் விடுதிகளில் அதையே இரவு உணவாக முடித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே பசியைத் தூண்டும் நோக்கமே அடிபட்டுப் போகிறது.

உங்கள் மகள் தயங்க வேண்டியதில்லை. குரோதீனோ, சான்பித்தேர் போன்ற மதுவற்ற கசப்புப் பானங்கள் அங்கே எல்லா விடுதிகளிலும் சாதாரணமாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்குவதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. அவற்றில் சர்க்கரை கணிசமாக உண்டு என்பதை மட்டும் அவர் கவனத்தில் கொள்ளட்டும்.

கேள்வி: சாப்பாட்டுக்கு முன் விஸ்கி குடித்தால் நன்றாகச் செரிக்கும் என்று நண்பர் ஒருவர் வற்புறுத்துகிறார். சரியா?
– வாசகர், மதுரை

பதில்: சரியில்லை. பீர், ஒயின் போன்ற நொதித்த பானங்கள் இரைப்பை அமிலச் சுரப்பை வலுவாகத் தூண்டுவதையும், விஸ்கி, ஜின், கோனியாக் போன்ற காய்ச்சி வடித்த மதுவகைகள் அவ்வாறு தூண்டாததையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. மது அருந்தியவர் கூடுதலாக உண்பது உண்டு. அதைச் செரிமானம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குடற்புண்ணோ நெஞ்செரிச்சலோ உள்ளவர்கள் உணவுக்கு முன் எந்த மதுவையும் தவிர்க்க வேண்டும். நண்பரின் வற்புறுத்தலை நீங்கள் தயங்காமல் மறுக்கலாம்.